பதினேழு பி, மாடி, பின்புறம்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. 1984 அக்டோபர் 31, புதன்கிழமை. காலையில் பிரதமர் தன் வீட்டுத் தோட்டத்தில் சுடப்பட்டார். சுட்டவர்கள் அவருடைய சீக்கியக் காவலர்கள். மதியமே பள்ளியை விட்டுவிட்டார்கள். எனக்கு எட்டு வயது. விடுமுறை என்று சந்தோஷப்பட்டேன்.

2. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, யமுனைக்குக் கிழக்கே நாங்கள் குடியிருந்த காலனியில், மண்ணெண்ணெய் டிப்போக்காரர் இன்னும் இரண்டு பேருடன் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

3. அப்பா அவர்களிடம் ஒரு காகிதம் கொடுத்தார்.

4. பதினொரு மணிக்கு அம்மா, அடுத்த தெருவிலிருந்து ஜஸ்பீர் ஆன்ட்டியையும் அவர் மகள் பிங்கியையும் கூட்டிவந்து எங்கள் குளியலறையில் உட்காரவைத்து வெளியே தாழ் போட்டார்.

5. ஆன்ட்டியின் கணவர் வரவில்லை. ஆட்டோ ஓட்டுகிறவர். அவர்கள் குடியிருந்தது ஒரு வீட்டின் பின்மாடியில். தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. வாசலில் இருந்ததும் வீட்டுக்காரரின் பெயர்ப்பலகைதான். அதனால் பயமில்லை என்று சொல்லிவிட்டார்.

6. பன்னிரண்டரைக்குக் கும்பலாக வந்தார்கள். காலனியில் மூன்று வீடுகளுக்கு மட்டும் போனார்கள்.

7. மூன்றாவது வீடு 17. முன்பகுதியைத் தொடவில்லை. பக்கத்துச் சந்து வழியாக நேராகப் பின்மாடி ஏறினார்கள்.

8. நான்காம் நாள் ராணுவ வண்டி வந்து ஆன்ட்டியையும் பிங்கியையும் முகாமுக்குக் கூட்டிப்போனது. அவருடைய கணவரின் உடலை யாரும் கண்ணில் காட்டவில்லை.

9. ஊரிலிருந்து மாமா கவலைப்பட்டுக் கடிதம் போட்டார். அப்பா போஸ்ட் கார்டில் பதில் எழுதினார்: "நாங்கள் அனைவரும் சௌக்கியம். பால் மட்டும் இரண்டு நாள் வரவில்லை."

இந்த வாரத்தோடு இருபது வருடம். ஊரில் இருக்கிற உங்களுக்கு அது பாடப்புத்தகத்தில் ஒரு பாரா. இங்கேயும் அப்படித்தான் ஆகிவிட்டது. காலையில் நொய்டாவுக்கு சார்ட்டர்ட் பஸ்ஸில் போகிறேன். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் தீபாவளிக்கு எந்தக் கடையில் எவ்வளவு தள்ளுபடி என்று பேசிக்கொள்கிறார்கள். அலுவலகத்தில் என் வேலை பெயர்ப் பட்டியல்களைச் சுத்தம் செய்வது. ஒரே ஆள் இரண்டு தடவை வந்திருந்தால் ஒன்றை நீக்க வேண்டும். முகவரி பழசாக இருந்தால் புதுசை ஏற்ற வேண்டும். இதில் நான் கெட்டிக்காரி என்று மேனேஜர் சொல்கிறார். அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்தவர். எனக்கு மூன்று வயதானபோது அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மாவையும் அண்ணனையும் என்னையும் கூட்டிக்கொண்டு டெல்லிக்கு வந்தார். அரைகுறை இந்தி, அச்சடித்தது போலக் கையெழுத்து. காலனி சங்கத்துக்குச் செயலாளர் தேவைப்பட்டபோது, "மதராஸி பாபு எழுதட்டும், அவருக்கு எழுதினால்தான் சாப்பாடு செரிக்கும்" என்று சிரித்துக்கொண்டே அவர் தலையில் கட்டினார்கள். அவர் அதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே மாதத்தில் காலனியின் அத்தனை வீடுகளுக்கும் பட்டியல் போட்டார். வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், எத்தனை பேர், என்ன வேலை, ரத்த வகை. வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தனி வரி. யாராவது காலி செய்தால் அன்றைக்கே அந்தப் பெயரை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டுப் புதுப்பெயரை எழுதுவார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அலுவலகங்களில் பியூன் புக் என்று ஒன்று உண்டு. ஒரு கடிதத்தைக் கையில் கொடுக்கும்போது, பெற்றுக்கொண்டேன் என்று வாங்குகிறவரின் கையெழுத்தை வாங்கும் நீளமான நோட்டு. அப்பா சங்கத்துக்கும் அப்படி ஒன்று வைத்திருந்தார். ஹோலிக்குச் சங்கத்தின் சார்பில் வீட்டுக்கு ஒரு பெட்டி லட்டு கொடுத்தபோது அதற்கும் கையெழுத்து வாங்கினார். அன்றிலிருந்து காலனியில் அவருக்கு "ரசீது பாபு" என்று பெயர்.

அந்தக் காலை டிப்போக்காரர் சொன்னது இதுதான்: "பாபுஜி, போலீஸ் ஸ்டேஷனில் லிஸ்ட் கேட்கிறாங்க. சர்தார்ஜி வீடுகளுக்குக் காவல் போடணுமாம். எது எதுன்னு குறிச்சுக் குடுங்க."

"எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று அப்பா கேட்டார்.

"சாயங்காலம் வரும். ஜல்தி, பாபுஜி."

அப்பா காலனிப் பட்டியலின் கார்பன் நகலை எடுத்துச் சிவப்புப் பென்சிலால் மூன்று இடங்களில் டிக் போட்டார். பென்சிலைச் சீவிக்கொடுத்தது நான். பியூன் புக்கை எடுத்துக்கொண்டுபோய் டிப்போக்காரரிடம் நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தை விரலால் காட்டியதும் நான்தான். அவர் என் கன்னத்தைத் தட்டி, "வாஹ், பாபுஜியைவிடப் பெரிய ஆபீஸர்!" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கு நடந்ததில் பலவற்றை மறந்துவிட்டேன். அந்தப் பெருமை மட்டும் அப்படியே இருக்கிறது.

அவர்கள் போனதும் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "பரவால்லையே, சர்க்கார் சுறுசுறுப்பாத்தான் இருக்கு. வீட்டுக்கு ஒரு போலீஸ் போடப் போறாவளாம்."

பன்னிரண்டரைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தார். முன்னால் நடந்துவந்தவன் கையில் இருந்த காகிதம் அவருக்குத் தெரிந்திருக்கும். தன் கையெழுத்தை அவர் எவ்வளவு தூரத்திலிருந்தும் அடையாளம் கண்டுகொள்வார். ஜன்னலைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். குளியலறைக்குள்ளிருந்து பிங்கி தண்ணீர் கேட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

*

அதற்குப் பிறகு ஆன்ட்டிக்கு மேற்கு டெல்லியில், கணவனை இழந்தவர்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்பில் ஒரு அறை கிடைத்தது. பள்ளிக்கூடம் ஒன்றில் தண்ணீர் எடுத்துவைக்கும் வேலை. நாங்கள் மயூர் விஹாருக்கு மாறிவந்தோம். ஆன்ட்டி இரண்டு பஸ் மாறி வருவார். ஒவ்வொரு ரக்ஷாபந்தனுக்கும் வந்து அப்பாவின் கையில் ராக்கி கட்டுவார். தன்னையும் மகளையும் ஒளித்துவைத்துக் காப்பாற்றிய அண்ணன், அவர் வாயில் 'பாய் சாஹப்'.

வரும்போதெல்லாம் பையில் ஏதாவது காகிதம் இருக்கும். இறப்புச் சான்றிதழ், வேலை நிரந்தரம், இடமாற்றம், மின்சார இணைப்பு. உடல் இல்லாமல் இறப்புச் சான்றிதழ் வாங்குவதற்கு மட்டும் எத்தனை மனுக்கள் என்று அப்பாவின் ஃபைலைப் பார்த்தால் தெரியும். எல்லாம் அப்பா டைப் அடித்தவை. அவருடைய டைப்ரைட்டரில் ஒரு எழுத்து மட்டும் வரிக்குச் சற்று மேலே ஏறி விழும். "பாய் சாஹப் எழுதினா ஆபீஸ்ல ஒருத்தனும் தூக்கிப்போட முடியாது" என்பார் ஆன்ட்டி.

நன்றாகச் சிரிப்பார். ஆண்பாலும் பெண்பாலும் குழம்பும் அம்மாவின் இந்தியைக் கேட்டு, "இருபது வருஷமா உங்க அம்மா டெல்லியில இருக்கிற ஆம்பளைங்க எல்லாரையும் பொம்பளையாக்கிட்டா" என்று என்னிடம் சொல்வார். அம்மா விட மாட்டாள். "இவ மொதல்ல சாம்பாரச் சப்பாத்திக்குத் தொட்டுக்கிடாம இருக்கட்டும். பொறவு எனக்குப் பாடம் நடத்தட்டும்" என்பாள். அதை நான் மொழிபெயர்க்க வேண்டும். இருவரும் சிரிப்பார்கள்.

கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, ஆன்ட்டி ஒரு கேள்வி கேட்பார். இருபது வருடமும் அதே கேள்வி.

"பின்மாடின்னு அவங்களுக்கு யார் சொன்னது, பாய் சாஹப்?"

பதிலையும் அவரே சொல்லிவிடுவார். "வீட்டுக்காரர்தான். வேற யாருக்குத் தெரியும்?"

அப்பா டைப்ரைட்டருக்கு உறை போட்டுக்கொண்டிருப்பார்.

வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு நாள் இதை என் தொழில் முறையிலேயே யோசித்துப் பார்த்தேன். ஆன்ட்டி குடும்பம் அங்கே குடிவந்தது ஆகஸ்டில். வாக்காளர் பட்டியலில் பழைய முகவரி. ரேஷன் கார்டை மாற்றவில்லை, ஆகவே டிப்போவில் பதிவு இல்லை. வாசலில் வேறு பெயர். ஆட்டோ நிற்பது மெயின் ரோட்டில். வேறு எந்தப் பட்டியலிலும் அவர்கள் இல்லை. ஒன்றில் மட்டும் இருந்தார்கள். அதில் தகவல் சரியாக, அன்றைய தேதி வரை திருத்தப்பட்டு இருந்தது.

மற்ற இரண்டு வீடுகளையும் பட்டியல் இல்லாமலேயே கண்டுபிடித்திருப்பார்கள் என்று அப்பா தனக்குள் சொல்லிக்கொள்ளலாம். இந்த வீட்டுக்கு அதையும் சொல்ல முடியாது.

*

2001-ல், இத்தனை கமிஷன்களுக்குப் பிறகு இன்னொரு கமிஷன், புதிதாக வாக்குமூலங்கள் கேட்டது. ஆன்ட்டி வந்தார். அப்பா டைப் அடித்தார். ஆறாவது பாரா, ஆன்ட்டி சொன்னபடி: பின்மாடியைக் காட்டிக்கொடுத்தது வீட்டு உரிமையாளர் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான் தேநீர் கொண்டுவந்து வைத்தேன். அப்பாவின் விரல்கள் அந்த வரியில் தயங்கும் என்று நினைத்தேன். தயங்கவில்லை. வீட்டுக்காரரின் பெயரில் எழுத்துப்பிழை வரக்கூடாது என்று ஒரு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.

"நீங்களும் ஒண்ணு எழுதுங்களேன், பாய் சாஹப். அந்த டிப்போக்காரன், அன்னிக்கு மீரட்ல இருந்தேன்னு சாதிக்கிறான். அவன் உங்க வாசலுக்கு வந்ததை எங்க சந்துலயிருந்து நானே பார்த்தேன். ஆனா என் பேச்சு மட்டும் போதாதாம்."

"நான் உள்ள இருந்தேன்" என்றார் அப்பா. "யாரையும் பாக்கல."

"போகட்டும். எங்களை ஒளிச்சுவச்சதே போதும்."

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. எட்டு வயதில் தெரியாமல் செய்தது ஒன்று. இருபத்தைந்தில், காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனது தெரிந்தே செய்தது.

*

இந்த வருடம் மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் வந்தார். பதினேழாம் எண் வீட்டுக்காரர். காதில் மிஷின், கையில் கைத்தடி. மூன்று மாடி ஏறிவந்து மூச்சு வாங்கினார். சட்டைப்பையில் கமிஷனின் கடிதம். அவர் மீது புகார் இருக்கிறது, பதில் தர வேண்டும்.

"ரசீது பாபு, நீங்கதான் எழுதித் தரணும். அன்னிக்குக் கதவைச் சாத்திட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அந்த ஆட்டோக்காரன் என்னைக் கூப்பிட்டது கேட்டுது. திறக்கலை. அது என் பாவம், எழுதுங்க. ஆனா நான் யாருகிட்டயும் சொல்லலை. அந்தப் பொண்ணு ஜஸ்பீர் என்னைப் பார்த்து ரோட்டுல துப்பினா. என் மனைவி சாகிற வரைக்கும், 'நீங்க சொன்னீங்களா'ன்னு கேட்டுட்டே செத்தா."

அப்பா, "உட்காருங்க" என்றார். டைப்ரைட்டரின் உறையைக் கழற்றினார். காகிதத்தைச் சொருகி, ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்த்து, அடிக்க ஆரம்பித்தார்.

குற்றச்சாட்டும் மறுப்பும் ஒரே மிஷினில். இரண்டிலும் அதே எழுத்து மேலே ஏறி விழுந்திருக்கிறது.

அவர் இறங்கிப்போனதும் நான் கேட்டேன். "அப்பா, ரெண்டு பேருக்கும் நீங்களே எழுதுதீங்க."

"எழுதத் தெரியாதவங்களுக்கு எழுதிக் குடுக்கேன். அதுல என்ன?"

"பியூன் புக் எங்க?"

சமையலறையிலிருந்து அம்மா சொன்னாள்: "அத அப்பவே எரிச்சாச்சுன்னு சொன்னாருல்லா."

அப்பா ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதற்குள் அவருடைய பென்ஷன் காகிதங்கள். அவற்றுக்கு அடியில் அந்த நீளமான நோட்டு.

"ரெக்கார்ட எப்படி எரிக்கது?" என்றார்.

"இத ஆன்ட்டிட்ட சொல்லணும்ப்பா."

"சொன்னா அவ என்ன ஆவா? அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கான்னு நெனச்சிக்கிட்டிருக்கா."

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "ஏட்டி, நாம ஒளிச்சு வச்சது பொய்யா? நாலு நாளு அந்தப் புள்ளைக்கு நான் சோறு ஊட்டுனது பொய்யா? இதச் சொன்னா அதுவும் சேந்து அழிஞ்சு போயிரும்."

"எனக்கு நல்லதுன்னுதான் தோணிச்சு" என்றார் அப்பா. "காவல் போடுவாங்கன்னு..."

"தெரியும்ப்பா. அதையே எழுதுங்க."

"யார் நம்புவா? என் கையாலேயே டிக் போட்டிருக்கேன்லா."

ஆனாலும் உட்கார்ந்தார். தன் பெயர், தன் தகப்பனார் பெயர், வயது, முகவரி. அதற்கு மேல் நகரவில்லை. அந்தக் காகிதம் ஐந்து மாதம் மிஷினிலேயே இருந்தது. அம்மா மிஷினைத் துடைக்கும்போது காகிதத்தையும் துடைப்பாள்.

*

ஆகஸ்ட் கடைசியில் ரக்ஷாபந்தன். ஆன்ட்டி தட்டில் ராக்கி, குங்குமம், பர்ஃபி எல்லாம் எடுத்துவைத்தார். கூடவே பையிலிருந்து ஒரு கடிதம்: டிப்போக்காரரை அந்த இடத்தில் பார்த்ததற்கு வேறு சாட்சி இல்லாததால் மேற்கொண்டு நடவடிக்கை இல்லை. "இதுக்கு ஒரு அப்பீல் எழுதணும், பாய் சாஹப்."

அப்பா கையை நீட்டினார். நான் தட்டுக்குப் பக்கத்தில் பியூன் புக்கை வைத்தேன். அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

அந்தப் பக்கத்தை இந்தியில் வாசித்துச் சொன்னேன். தேதி. குடியிருப்போர் பட்டியல், நகல் ஒன்று. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. சிவப்புப் பென்சிலைப் பற்றியும் சொன்னேன். அதைச் சீவியது யார் என்றும் சொன்னேன்.

ஆன்ட்டிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. கையெழுத்தின் மீது விரலை வைத்தார். "இதுதான் அவனா?"

"ஆமாம்."

"அந்தப் பட்டியல்ல பின்மாடின்னு இருந்துதா?"

அப்பா பதில் சொன்னார். அலுவலகத்தில் ஃபைலை வாசிக்கிற குரலில். "பதினேழு பி. மாடி. பின்புறம்."

"எப்ப எழுதினீங்க?"

"நீங்க குடிவந்த அன்னைக்கே. ரத்த வகை கேட்டு வந்தேன்."

"ஆமா" என்றார் ஆன்ட்டி. "வந்தீங்க. அவர் உங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். நான் டீ குடுத்தேன்."

பிறகு ஆன்ட்டி, யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "வீட்டுக்காரரோட மனைவி செத்துட்டாங்கன்னு கேள்விப்பட்டு, குருத்வாராவுல போய் நன்றி சொன்னேன்."

கடிதத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். பியூன் புக்கைத் தொடவில்லை. அம்மா வழியை மறித்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். பதற்றத்தில் தன் இந்தியில் ஆன்ட்டியையே ஆணாக்கிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு ஆன்ட்டி என்னைப் பார்த்தார். பழைய கேள்வி இனி இல்லை. புதிதாக ஒன்று கேட்டார்.

"இனிமே என் காகிதத்தை எல்லாம் யார் எழுதுவா, பேட்டா?"

*

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழ் என்னிடம் மிச்சமிருக்கிறது என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. குர்கானில் இருக்கும் என் அண்ணன் மகளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. தாத்தா 84-ல் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினார் என்று அவள் பள்ளியில் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறாள். அதைத் திருத்தும் தைரியம் எனக்கு இல்லை. நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள். உங்களிடம் சொல்வது சுலபம்.

இப்போதைய நிலை இது.

அப்பா மறுநாளே அந்தக் காகிதத்தை அடித்து முடித்தார். ஒன்றரைப் பக்கம். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, பியூன் புக்கின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்து இணைத்து, நானும் அவரும் கமிஷன் அலுவலகத்துக்குப் போனோம். வாக்குமூலம் பெறும் கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்றார் அங்கே இருந்தவர். அப்பா கையைக் கூப்பினார். அவர் அலுத்துக்கொண்டு காகிதத்தை வாங்கி, பக்கத்தில் இருந்த குவியலின் மேல் வைத்தார்.

அப்பா பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார்.

"கெடு தாண்டியதுக்கு ரசீது கிடையாது, பாபுஜி. போங்க."

டிப்போக்காரர் நலமாக இருக்கிறார். ஆறாவது பாராவில் இன்னும் வீட்டுக்காரரின் பெயர்தான் இருக்கிறது. ஆன்ட்டி கையெழுத்துப் போடாமல் அதை மாற்ற முடியாது. ஆன்ட்டி அதற்குப் பிறகு வரவில்லை. இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு முறையும் பிங்கி கதவுக்கு வெளியே வந்து நின்று, அம்மா தூங்குகிறாள் என்றாள். அப்பீலுக்கான கெடு தீபாவளிக்கு முந்தின நாள். யாராவது எழுதிக் கொடுத்தார்களா என்று தெரியவில்லை. ராக்கி தட்டிலேயே இருக்கிறது. பியூன் புக் என்னிடம் இருக்கிறது. அப்பாவின் வாக்குமூலம் கமிஷனிடம் இருக்கிறது என்பதற்கு எங்களிடம் யாருடைய கையெழுத்தும் இல்லை.